ஒய் கனெக்டரை நம்பி நான்கு பேனலை இணைக்காதீர்கள்

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டில் 330 வாட் சோலார் பேனல் இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி இரண்டு இருக்கின்றன. பேனல்கள் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) உள்ளன. மதியம் கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ் ஓட வேண்டும் என்று இன்னும் இரண்டு 540 வாட் பேனல் வாங்க நினைக்கிறோம். "ஒய் கனெக்டர் (இரண்டு கேபிளை ஒன்றாக்கும் இணைப்பான்) போட்டு அப்படியே பேரலலில் சேர்த்துவிடலாம், கேபிள்கூட மாற்ற வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். இது பாதுகாப்பானதா? சட்டப்படி சரியா?

பதில்: பேரலலில் தப்பில்லை. அவர் சேர்க்கச் சொல்கிற விதம்தான் தப்பு. உங்கள் வீட்டுக்கு இந்த இரண்டு பேனல் தேவைதானா என்பது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பேரலலில் வோல்ட் அப்படியே நிற்கும், ஆம்பியர் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் ஐஎஸ்சி என்று ஓர் எண் இருக்கும், ஷார்ட் ஆனால் பேனல் தரும் ஆம்பியர் அது. 330 வாட் பேனலில் அது 9.2 ஆம்பியர் வாக்கில் இருக்கும், 540 வாட்டில் 13.8. நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் 46. வெயில் சில நேரம் கணக்கை மிஞ்சும் என்பதால் அதோடு கால் பங்கு கூட்டித்தான் கேபிள் பார்க்க வேண்டும்: 57.5 ஆம்பியர். இப்போது ஓடியிருப்பது பெரும்பாலும் 4 ஸ்கொயர் எம்எம் கேபிளாக இருக்கும். தரமான சோலார் கேபிளே காற்றோட்டத்தில் தனியாகத் தொங்கினால்தான் 55 ஆம்பியர் தாங்கும். பைப்புக்குள், சித்திரை வெயிலில் காய்ந்த ஓட்டின் மேல் கிடந்தால் அதுவும் தாங்காது. ஒய் கனெக்டரோ சாதாரணமாக 30 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படிச் சேர்த்த கனெக்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே பின் கறுத்துப்போய், பிளாஸ்டிக் உருகி அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேபிளின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்கு விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழே பர்மாத் தேக்குக் கை மரம். நூறு வருஷம் காய்ந்த மரம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நஷ்டம் இன்னொரு பக்கமும் உண்டு. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. முகப்பு மாடியில் பேனல், பின்கட்டில் இன்வெர்ட்டர் என்றால் தூரம் 25 மீட்டர், போக வர 50. முழு வெயிலில் வேலை செய்யும்போது வருகிற 43 ஆம்பியர் (ஐஎஸ்சியைவிட இது சற்றுக் குறைவு) அந்த 4 ஸ்கொயர் எம்எம் கேபிளில் ஓடினால் ஏறத்தாழ 11 வோல்ட் கேபிளிலேயே சூடாகப் போய்விடும். பேனல் கொடுப்பதே 38 வோல்ட்தான். காசு கொடுத்து வாங்கிய பேனல் சுவரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இனி ஃபியூஸ். கடைக்காரர்கள் வாயே திறக்காத சாமான் இது. ஓர் ஊருணிக்கு நாலு வரத்துக்கால். ஒன்றின் கரை உடைந்தால் மற்ற மூன்றின் தண்ணீரும் அந்த உடைப்பு வழியாகத்தான் ஓடும். பேனலும் அப்படித்தான். பழைய பேனல் ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்து 9.2, 13.8, 13.8 என்று 36.8 ஆம்பியரை அதற்குள் தள்ளும். அந்தப் பேனலின் லேபிளில் 'மேக்சிமம் சீரிஸ் ஃபியூஸ்' 15 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் போனால் பேனல் எரியும். ஆகவே நான்கையும் பேரலலில்தான் வைப்பேன் என்றால் ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும்: பழையவற்றுக்கு 15, புதியவற்றுக்கு (லேபிள் அனுமதித்தால்) 25. ஜிபிவி (சோலாருக்கென்றே செய்த ரகம்) என்று அச்சிட்ட டிசி ஃபியூஸாக இருக்கட்டும்.

"ரெண்டு பேனலுக்கு ஃபியூஸ் வேண்டாம், இப்போதே இல்லாமல்தானே ஓடுகிறது?" என்று உங்களிடம் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே உண்டு. ஒன்று கெட்டால் அதற்குள் பாய்வது இன்னொன்றின் மின்சாரம் மட்டுமே. 9.2ஐ 1.25ஆல் பெருக்கினால் 11.5, அது 15க்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே ரகமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. ஒரு பழையதையும் ஒரு புதியதையும் சேர்த்தீர்களானால் 13.8ஐ 1.25ஆல் பெருக்க 17.25 வருகிறது. பேனல் இரண்டேதான், ஆனாலும் பழையதற்கு ஃபியூஸ் கட்டாயம். மூன்று ஆனால் ஒரே ரகமாக இருந்தாலும் விலக்கு போயிற்று. அதுமட்டுமல்ல, பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி வரக்கூடாது என்பதும் இந்த விலக்கின் நிபந்தனை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் கெட்டுப்போனால் அது வரும். பேட்டரிக்குப் பின்னால் இருக்கும் ஆம்பியருக்கு முன் பேனல் ஆம்பியர் தூசு. அதனால் பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு டிசி ஃபியூஸ் எப்போதும் வேண்டும், பேனல் ஒன்றே ஆனாலும்.

டிசி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) மலிவு என்று அதையே மாட்டுகிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வந்து போகிறது. எம்சிபி பிரிந்ததும் நடுவில் எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது. பொறி நின்று எரியும், பெட்டியோடு. பேனலுக்கு சுவிட்சும் கிடையாது, பகலில் வெயில் பட்டாலே அது உயிரோடுதான் இருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவுகிற காவல்காரரிடம் கனெக்டரை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நானாக இருந்தால் பழைய இரண்டையும் தொட மாட்டேன். புதிய இரண்டையும் தங்களுக்குள் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்து, தனியாக ஓர் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கித் தருவது) மூலம் அதே பேட்டரிக்குக் கொண்டுவருவேன். வோல்ட் 100ஐத் தொடும். ஆகவே கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ஆம்பியர் 13தான் என்பதால் 6 ஸ்கொயர் எம்எம் கேபிள் தாராளம். பழையதோடு கலப்பே இல்லாததால் ஒய் கனெக்டருக்கும் வேலை இல்லை. அதே சமயம் 100 வோல்ட் டிசி விளையாட்டுச் சாமான் அல்ல. கேபிளை மர உத்தரத்தை ஒட்டி இழுக்காமல் வெளிச்சுவரில் பைப்பில் இறக்குங்கள். சுண்ணாம்புத் தளத்தில் ஓட்டை போட விடாதீர்கள், முதல் ஐப்பசியிலேயே ஒழுகும். எர்த் குழியின் மின்தடையைப் பங்குனியில் மண் காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். நம் செம்மண்ணில் மழைக்காலத்து அளவு ஏமாற்றும்.

ஆனால் பேனல் எதற்கு? 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியரில் சார்ஜ் ஏறுவது நல்லது. ஐந்தில் ஒரு பங்கான 30ஐத் தாண்டவே கூடாது. பழைய இரண்டு பேனலே 18 வரை கொடுக்கின்றன. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் பக்கம்தான் எடுக்கும், கிளம்புகிற நொடியில் மட்டும் பல மடங்கு இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது இன்வெர்ட்டர், பேனல் அல்ல. இன்வெர்ட்டரின் விஏ (தாங்கும் திறன்) எவ்வளவு, பேட்டரிக்கு வயது என்ன, டிஸ்டில்டு வாட்டர் கடைசியாக எப்போது ஊற்றினார்கள் என்று கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். லாபம் பேனலில்தானே இருக்கிறது.

சட்டம் கேட்டீர்கள். யூடியூபில் அடிக்கடி காதில் விழும் '690' அமெரிக்க விதி, அதை விட்டுவிடுங்கள். இங்கே மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. இந்தியத் தர விதிகளில் வயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்துக்கு ஐஎஸ் 3043, சோலார் கேபிளுக்கு ஐஎஸ் 17293. நான் மேலே போட்ட ஃபியூஸ் கணக்கு ஐஇசி 62548 என்ற சர்வதேசத் தர விதியின் வழியில் வருவது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் வேலை செய்ய வேண்டும். இதெல்லாம் காகிதத்தில். கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, சேராத உங்கள் மாதிரி அமைப்பைப் பார்க்க யாரும் மாடி ஏறுவதில்லை. கிரிட்டோடு சேர்த்தால் வருவார்கள், வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆகவே உரிம எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி நீங்களே வாங்கிவையுங்கள்.

"மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது இதற்குள் வந்திருப்பார்கள். 2024இல் வந்த பிஎம் சூர்யா கர் மானியம் கிரிட்டோடு சேர்ந்த அமைப்புக்குத்தான்: 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. பேட்டரியோடு மட்டும் ஓடுகிற உங்கள் அமைப்புக்கு ஒரு பைசா கிடையாது. பணமும் நுகர்வோர் வங்கிக் கணக்குக்கு நேராக வரும், நடுவில் ஆள் தேவையில்லை. அதற்காக முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பின்னால் கிரிட்டுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் இப்போதே மின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இணைப்பு ஐயா பெயரிலேயே நிற்கிறதா? பெயர் மாற்றாமல் விண்ணப்பம் நகராது. மாற்றுவதற்குப் பங்காளிகள் ஒப்புதல் கேட்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவரோடு பேச்சே இல்லை. ஒரு பூர்வீக வீட்டை எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்பது தெரியாதவர் தயாரித்த படிவம் அது. முன்னோருக்குச் செய்யும் அடுத்த படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போதே கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.