பழைய பாதைகள், அச்சமூட்டும் நிலங்கள் பற்றிய இயற்கை எழுத்தைத் தமிழில் எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் மலைபடுகடாமில் தொடங்குங்கள் என்பேன். சிரிக்காதீர்கள். 'பத்துப்பாட்டுள் ஒன்று, கூத்தராற்றுப்படை என்றும் பெயர்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு மூடி வைத்தவன்தான் நானும். மறுபடி திறந்தது, ஜவ்வாது மலையில் ஒருநாள் நடந்துவிட்டு வந்த பிறகு.

அன்று வழி காட்ட வந்தவர் அந்த மலையிலேயே சாமை விதைத்துப் பிழைக்கும் பெரியவர் ஒருவர். நாங்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் செருப்பு அறுந்து பின்தங்கிவிட்டார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் பெரியவர் நின்றார். நாங்கள் போகக் கூடாத பாதையின் வாயில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக் குறுக்கே போட்டு, அது காற்றில் நகராமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தார். "பின்னால வர்றவங்க வழி கேக்க இங்க யாரு இருக்கா சார்?" என்றார், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் கழித்து அந்த இரண்டு பேரும் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஏதோ தேடும்போது மலைபடுகடாமின் இந்த வரி கண்ணில் பட்டது: "சந்து நீவிப் புல் முடிந்து இடுமின்." வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துவிட்டு, புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள், பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாக இருக்கும். நன்னன் என்ற குறுநில மன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற ஒருவன், அங்கே போகவேண்டிய கூத்தர் கூட்டத்துக்குச் சொல்லும் வழி இது. நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். நான் நடந்த மலையிலிருந்து கீழே தெரியும் ஊர்!

மொத்தம் 583 அடிகள். அதில் பெரும்பகுதி பாதைதான். பன்றிக்கு வைத்த கல்பொறி வழியில் இருக்கும், விடிந்த பிறகு போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் கவணில் எறியும் கல் மூங்கிலில் பட்டுத் தாவி வரும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். இருட்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் போய்த் தங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. "குறவரும் மருளும் குன்றம்" என்று ஒன்று வருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கும் திசை குழம்பும் மலை. அதில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? "இயங்கல் ஓம்பி நும் இயங்கள் தொடுமின்." நகராதீர்கள், அகலமான பாறையில் ஒன்றாகக் கூடி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டு மலைக்காரர்கள் வருவார்கள். காட்டில் வழி தவறினால் இருந்த இடத்தில் இருந்து குரல் கொடு என்று இன்றைக்கும் அதைத்தானே சொல்கிறோம். இயங்கல், இயங்கள் என்று விளையாடவும் புலவருக்கு மனசு வந்திருக்கிறது.

அச்சமூட்டும் நிலம் என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். பேய் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே அந்தக் குன்றம் பயமுறுத்துகிறது. தனுஷ்கோடியைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் படிக்கலாம். 1964 புயல், இடிந்த தேவாலயம், 'அமானுஷ்ய அமைதி' என்று எல்லோரும் அதே நான்கு வார்த்தைகளில் நின்றுவிடுகிறார்கள். மணலில் கால் எங்கே புதையும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

கிளைவழிக்குப் பழைய தமிழில் கவலை என்று பெயர். இப்போது மனக்கவலைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். செங்கம் போகும் கவலைகளில் நடுகற்கள் எண்ணிக்கையில்லாமல் இருக்கும், அங்கே யாழை மீட்டிவிட்டு விரைந்து போங்கள் என்கிறது பாட்டு. அந்த வட்டாரத்தில் இன்றும் நடுகற்கள் கிடைக்கின்றன. எழுத்துள்ளவற்றில் மகேந்திரவர்மன் ஆட்சியாண்டு பொறித்தவையும் உண்டு. ஒன்றை வயல் வரப்பில் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே மண்ணில் புதைந்த வீரன். மேலே எண்ணெய்ப் பிசுக்கு, பக்கத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை எடுங்கள். கொடும்பாளூர்ப் பக்கம் வழி சூலம்போல மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் சிறுமலை வழி, இடப்பக்கம் அழகர்மலை வழி. நடுவழிதான் நல்லது, ஆனால் காட்டில் ஒரு தெய்வம் வழிமறிக்கும் என்று ஒரு மறையவன் எச்சரிக்கிறான். மதுரைக்குப் போகும் கோவலனும் கண்ணகியும் நடுவழியிலேயே போகிறார்கள். தண்ணீர் குடிக்க ஒதுங்கிய கோவலன் முன்னால் அந்தத் தெய்வம் வருவது மாதவியின் தோழி வசந்தமாலை உருவத்தில். விட்டுவந்த வாழ்க்கையே குளக்கரையில் வந்து நின்று பேசுகிறது. வெயிலும் தாகமும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்தால் யாருக்கும் அப்படி ஒரு உருவம் தெரியும் என்றுதான் நான் வாசித்துக்கொள்கிறேன், தமிழாசிரியர்கள் மன்னிக்க.

உரை இல்லாமல் மலைபடுகடாமுக்குள் போகாதீர்கள். உ.வே.சா. 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் உரை இருக்கிறது, ஆனால் முதல்தடவைக்கு எளிய உரை ஏதாவது ஒன்று போதும். நடக்கவிருக்கும் ஊருக்கு வழி கேட்பதுபோல மெதுவாகப் படியுங்கள்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பழைய சாலையில் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. எங்கள் ஊர்க் கல் என் நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருபவர், கைகொடுக்க ஆள் இல்லாமலே, லேசாகக் குனிந்து பாரத்தை அதன்மேல் நகர்த்திவிடலாம். யாரோ ஒருத்தி இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வழியில் போகிற எல்லோருடைய சுமையும் அங்கே இறங்கியது. சாலையை அகலப்படுத்தியபோது அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். குறுக்குக் கல் மட்டும் இப்போது டீக்கடை வாசலில் கிடக்கிறது. போனமுறை ஊருக்குப் போனபோது அதில் உட்கார்ந்துதான் டீ குடித்தேன்.