டிஃபென்ஸுக்கு இன்னும் ஆள் வரவில்லை, சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஜனவரியில் புதிய தலைமைப் பயிற்சியாளரை எடுத்தது. 38 வயது, இதுவரை அஃபென்ஸ் (தாக்குதல் ஆட்டம்) பக்கமே வேலை பார்த்தவர். பதினாறு நாள் ஆகிவிட்டது, டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான பயிற்சியாளர், இன்னும் வரவில்லை. இவர் கேட்ட ஆளை அவருடைய அணி விட மறுத்துவிட்டதாம். இப்போது நாங்கள் கேள்விப்படாத ஒரு லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தின் இரண்டாம் வரிசை வீரர்கள்) பயிற்சியாளரின் பெயர் அடிபடுகிறது. இரண்டு சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். பணத்தைக் கட்டலாமா?

பதில்: தாமதம் ஆகிறது என்ற ஒரே காரணத்துக்காக டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். ஜனவரி மாதத்தில் பதினாறு நாள் ஒரு பெரிய விஷயமே இல்லை. நல்ல உதவிப் பயிற்சியாளர்கள் பலர் அப்போதும் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) ஆடும் அணிகளில்தான் இருப்பார்கள், அந்த அணியின் சீசன் முடியும்வரை அவர்களிடம் கையெழுத்து வாங்க முடியாது. சூப்பர் பவுல் (இறுதி ஆட்டம்) முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் ஆள் இல்லையென்றால் அப்போது கவலைப்படுங்கள். 2023-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு அதுதான் நடந்தது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை, ஆனால் சூப்பர் பவுல் முடிந்த கையோடு டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஜானதன் கேனன் அரிசோனாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அணிக்கு ஆலோசகராக இருந்த விக் ஃபாஞ்சியோ அதற்குள் மயாமிக்குச் சரி சொல்லியிருந்தார். அப்புறம் ஷான் டெசாய் வந்தார். அணி முதல் பதினோரு ஆட்டத்தில் பத்தை ஜெயித்தது, ஆனால் டிசம்பரில் டெசாயிடமிருந்து பொறுப்பைப் பிடுங்கி மேட் பட்ரீஷியாவிடம் கொடுக்கும் நிலைமைக்கு வந்தது. அடுத்த வருடம் ஃபாஞ்சியோவையே கொண்டுவந்தார்கள், 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். வாய்ப்பு கைநழுவினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"விட மறுத்துவிட்டார்கள்" என்பதைக் கேட்டு உங்கள் பயிற்சியாளர் மேல் கோபப்படாதீர்கள். ஒருவர் ஒப்பந்தத்தில் இருக்கிறார், அங்கேயும் கோஆர்டினேட்டர், இங்கேயும் அதே வேலை என்றால் அவருடைய அணி பேசவே விடாமல் தடுக்கலாம். ஆனால் லைன்பேக்கர் பயிற்சியாளர் மாதிரி கீழ்ப்பதவியில் இருப்பவரை, உண்மையான கோஆர்டினேட்டர் வேலைக்கான நேர்காணலுக்குப் போகக்கூடாது என்று தடுக்க முடியாது. 2020-இல்தான் இந்த விதியை மாற்றினார்கள். அதுவரை எத்தனையோ திறமைசாலிகள் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தார்கள். வளர வேண்டிய ஒருவனை "எங்களுக்கு வேண்டும்" என்று பிடித்து வைத்துக்கொண்டு, பதவியும் தராமல், வெளியேயும் விடாமல் வைத்திருந்ததை லீக் அத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு இன்னும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

சரி, இப்போது நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. அடிபடும் பெயர்களை நம்பாதீர்கள். பயிற்சியாளர்களுக்கும் ஏஜென்ட் உண்டு. ஒரே ஏஜென்ட் உங்கள் தலைமைப் பயிற்சியாளருக்கும், அவர் தேடும் கோஆர்டினேட்டருக்கும், சில சமயம் ஜெனரல் மேனேஜருக்கும் வேலை பார்ப்பதுண்டு. தன் ஆளுக்கு இருக்கிற இடத்திலேயே சம்பளம் ஏற வேண்டுமென்றால், "அந்த அணி இவரைக் கேட்கிறது" என்று ஒரு நிருபரிடம் சொன்னால் போதும். செய்தி வரும், பழைய அணி பயந்து ஒப்பந்தத்தை நீட்டும், நீங்கள் அங்கே உட்கார்ந்து "நமக்குக் கிடைக்கவில்லையே" என்று வருந்துவீர்கள். வீரர்களுக்கு இருப்பதுபோல் லீகுடன் கூட்டு ஒப்பந்தம் போடும் சங்கம் பயிற்சியாளர்களுக்கு இல்லை, அதனால் இந்த விளையாட்டு இன்னும் தாராளமாக நடக்கிறது. அணி தானே அறிவிக்கும்வரை எந்தப் பெயரையும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பதவிப் பெயர்களையும் அப்படியே. "பாஸ் கேம் கோஆர்டினேட்டர்", "ரன் கேம் கோஆர்டினேட்டர்" எல்லாம் பெரிதாகக் கேட்கும். ஆட்டத்தின்போது எந்தத் திட்டத்தை ஆட வேண்டும் என்று சொன்னது யார் என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த லைன்பேக்கர் பயிற்சியாளருக்கு வருவோம். பேர் தெரியாதவர் என்பது குறையே அல்ல. 2017-இல் இரண்டு புதிய தலைமைப் பயிற்சியாளர்கள், இரண்டு பேரும் அஃபென்ஸ் ஆட்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 30 வயது ஷான் மெக்வே, 69 வயது வேட் ஃபிலிப்ஸைப் பிடித்தார். டென்வர் ஒப்பந்தம் முடிந்து அவர் சும்மா இருந்ததால் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. முந்தைய சீசனில் 4-12 (4 வெற்றி, 12 தோல்வி) ஆக இருந்த அணி அந்த வருடமே 11-5. சான் ஃபிரான்சிஸ்கோவில் கைல் ஷனஹன், ஜாக்சன்வில்லில் லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்த ராபர்ட் சலேவை எடுத்தார். முதல் இரண்டு வருடம் 6-10, 4-12. 2018-இல் அணி மொத்த சீசனிலும் இரண்டே இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பிடிப்பது) எடுத்தது, லீக் வரலாற்றிலேயே அது மிகக் குறைவு. சலேவைத் துரத்தச் சொல்லி ரசிகர்கள் கத்தினார்கள். 2019-இல் டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) நிக் போசாவும் டிரேடில் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) டீ ஃபோர்டும் வந்தார்கள், 13-3, சூப்பர் பவுல் வரை போனார்கள். பெரியவர் வந்தால் உடனே பலன், இளையவர் வந்தால் வீரர்கள் சேரும்வரை பொறுமை. உங்கள் டிக்கெட் கணக்கு இதில்தான் இருக்கிறது.

தலைமைப் பயிற்சியாளர்தான் தன் கோஆர்டினேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிர்வாகம் திணித்தால் விளங்காது என்று நான் எப்போதும் சொல்வேன். இதற்கு விலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை. 2018 பிப்ரவரியில் இண்டியானாபோலிஸ் தலைமைப் பயிற்சியாளராக ஜாஷ் மெக்டேனியல்ஸ் வருகிறார் என்று அறிவித்தது. அவரை நம்பி மூன்று உதவியாளர்கள் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள், அதில் ஒருவர் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் மேட் எபர்ஃப்ளஸ். அன்று இரவே மெக்டேனியல்ஸ் பின்வாங்கிவிட்டார். அந்த மூன்று பேருக்கும் கொடுத்த வார்த்தையை ஜெனரல் மேனேஜர் கிறிஸ் பாலர்டு மீறவில்லை. சில நாளில் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஃபிராங்க் ரைக், தான் தேர்ந்தெடுக்காத எபர்ஃப்ளஸை ஏற்றுக்கொண்டார். முந்தைய வருடம் 4-12 ஆக இருந்த அணி 10-6 ஆனது, பிளே-ஆஃபுக்குப் போனது, இரண்டு பேரும் நான்கு சீசன் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஆனால் இதை வைத்து "திணித்தாலும் நடக்கும்" என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள். ரைக்குக்கு முன்கூட்டியே நிலைமை தெரியும், தெரிந்தே அந்த வேலையை எடுத்தார்.

இனி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, கோஆர்டினேட்டர் தனியாக வருகிறாரா, தன்னுடன் டிஃபென்சிவ் லைன் (முன்வரிசை) பயிற்சியாளரையும் செகண்டரி (பின்வரிசை) பயிற்சியாளரையும் கூட்டி வருகிறாரா என்பது. வீரர்களுடன் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களும் ஒப்பந்தத்தில் இருந்து, இங்கேயும் அதே பதவிதான் என்றால் பழைய அணி தடுக்கும், கோஆர்டினேட்டர் அறிமுகமில்லாத ஆட்களுடன் மார்ச் மாத ஃப்ரீ ஏஜென்ஸிக்குள் (ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் எடுக்கும் காலம்) நுழைவார், அப்போது பொருந்தாத வீரர்கள் மேல் பணம் கொட்டப்படும்.

நீங்களாக இருந்தால் நான் ஒரு டிக்கெட்டை இப்போதே புதுப்பிப்பேன். உங்கள் அணி அனுமதித்தால் இரண்டாவதற்குக் கடைசி நாள்வரை காத்திருங்கள், அதற்குள் டிஃபென்சிவ் லைன் பயிற்சியாளர் யார் என்று தெரிந்துவிடும்.