வெள்ளவத்தையில் ஒரு போட்டோக் குழு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. படம் எடுப்பதில் நிறைய ஆசை. அலுவலகத்தில் இரண்டு பேர், எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, கூடப் படித்த தோழிகள் இரண்டு பேர், நான். இந்த ஆறு பேரும் ஒரு குழு தொடங்க வேண்டும் என்று கதைத்துக் கதைத்தே எட்டு மாதம் போய்விட்டது. இரண்டு பேரிடம்தான் கமரா, மற்றவர்களிடம் போன். பதிவு செய்ய வேண்டுமா? சந்தா வாங்குவதா? எங்கே கூடுவது? பொலிஸ் பிரச்சினை வருமா? எங்களில் ஐந்து பேர் பெண்கள் என்பதால் வீட்டிலும் இதையெல்லாம் கேட்கிறார்கள்.

பதில்:

தங்கைக்கு, எட்டு மாதம் கதைத்தது போதும். வருகிற போயா நாளில், அதாவது முழுநிலா விடுமுறை நாளில், பின்னேரம் ஐந்து மணிக்கு ஆறு பேரும் காலிமுகத்திடல் கொடிக் கம்பத்தடிக்கு வந்துவிடுங்கள். குழுவின் பெயர், லோகோ, வாட்ஸ்அப் குழு, தலைவர், செயலாளர் எதுவும் அதற்கு முன் வேண்டாம். நானும் நண்பர்களும் முதன்முதலில் தொடங்கிய குழுவுக்கு இவை எல்லாம் இருந்தன. வாட்ஸ்அப்பில் அறுபது பேர், நாளுக்கு நாற்பது காலை வணக்கம், ஒரு வருடத்தில் நேரில் சந்தித்தது இரண்டே தடவை. அது தானாகவே அடங்கிப்போனது. இரண்டாவது குழுவை ஐந்து பேராகத் தொடங்கினோம், திகதியை மட்டும் முடிவு செய்துகொண்டு. அது இன்றைக்கும் நடக்கிறது.

ஏன் போயா என்கிறேன்? ஒவ்வொரு மாதமும் “எப்ப போவம்?” என்று ஆறு பேரிடம் கேட்டு ஆறு பதில் வாங்கும் வேலை மிச்சம். கலண்டரில் ஏற்கனவே திகதி இருக்கிறது, பெரும்பாலான அலுவலகங்களுக்கு விடுமுறை. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. முழுநிலா கிட்டத்தட்டச் சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும்பும். காலிமுகத்திடலில் நின்றால் மேற்கே கடலுக்குள் சூரியன் இறங்கும்போது, முதுகுப் பக்கம் நகரத்துக் கட்டடங்களுக்கு மேலே நிலா வரும். எல்லோரும் கடலைப் பார்த்துப் பட்டத்தையும் அலையையும் எடுத்துக்கொண்டிருக்க, திரும்பிப் பார்த்தவருக்கு இன்னொரு படம் கிடைக்கும். முதல் நாளுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நேரத்தில் மட்டும் கவனம். கொழும்பில் சூரியன் மறைவது வருடம் முழுவதும் மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது சரிந்து சரிந்து போகாமல் நேராக இறங்கிவிடும். மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டு. ஆறரைக்கு வருகிறேன் என்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. காலையிலும் அப்படித்தான். ஆறே காலுக்குத் தொடங்கினால் எட்டு மணிவரை நல்ல வெளிச்சம், அதற்குப் பிறகு முகத்தில் கண்குழி கறுத்துத் தெரியும் வெயில்.

சரி, இனி முக்கியமான விஷயம். படம் எடுக்கக் குழு தேவையே இல்லை. தனியாகப் போனால் இன்னும் நன்றாகவே எடுக்கலாம். எடுத்த படத்தை உட்கார்ந்து பார்க்கத்தான் ஆட்கள் வேண்டும். ஊர் சுற்றுவது மட்டும் நடந்து, படம் பார்ப்பது நடக்காத குழுக்கள் நாலைந்து மாதத்தில் பிக்னிக் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மாதத்துக்கு இரண்டு சந்திப்பு வையுங்கள்: ஒன்று வெளியே, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று மேசையில்.

மேசைக்கு ஒவ்வொருவரும் மூன்றே மூன்று படம், நாலுக்கு ஆறு அங்குல அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வர வேண்டும். போனில் காட்டக் கூடாது. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது ஒரு படத்துக்கு இரண்டு வினாடிகூடக் கிடைப்பதில்லை, அதற்குள் மேலே ஒரு மெசேஜ் வந்துவிடும். காகிதத்தில் வைத்தால் கண் நிற்கும். இன்னொன்று, முந்நூறு படம் எடுத்தவர் அதில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வீட்டில் படும் பாடு இருக்கிறதே, பாதிப் படிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பி புறக்கோட்டையில் எடுத்த படம் கொண்டுவந்திருந்தார். மூட்டை ஏற்றிய கைவண்டியை முன்னுக்குக் குனிந்து இழுக்கும், சுமை தூக்கும் ஒரு நாட்டாமைத் தொழிலாளி. நல்ல படம், ஆனால் ஏதோ இடித்தது. ஆளாளுக்கு வெளிச்சம் காணாது, கறுப்பு வெள்ளையாக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் இருந்த ஒரு அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையைப் படத்தின் இடது பக்கத்தில் வைத்தார். அங்கே இருந்த மஞ்சள் விளம்பரப் பலகை மறைந்தது. அவ்வளவுதான், அந்த மனிதரின் புறங்கழுத்து நரம்பும் வண்டிக் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியும் அப்போதுதான் எங்கள் கண்ணுக்கே பட்டன. அந்தத் தம்பி அதற்குப் பிறகு எடுத்த படங்களில் ஓரங்களைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம்! இதை எந்த யூடியூப் வகுப்பும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

மேசைக்கு நாங்கள் வைத்திருக்கும் பழக்கம் இது. படம் எடுத்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். “சூப்பர்”, “செம” இரண்டும் கருத்தாக எடுக்கப்படாது. எது நன்றாக இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். கடைசியில்தான் எடுத்தவர் தான் என்ன நினைத்து எடுத்தேன் என்று சொல்வார். எந்த லென்ஸ், எந்த மொடல் என்ற கதை எல்லாம் படம் பார்த்து முடித்த பிறகு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களில் நாலு பேர் போன் வைத்திருக்கிறீர்கள்; கமராக் கதை முதலில் வந்தால் அந்த நாலு பேரும் மெல்ல மெல்ல மௌனமாகி, அப்புறம் வராமலே விடுவார்கள்.

போன் போதுமா என்ற சந்தேகத்துக்குக் கணக்கே பதில். நாலுக்கு ஆறு பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1200 x 1800 பிக்சல், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல்தான் வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தை ஏ3 அளவில் அடித்துச் சுவரில் மாட்டலாம். ரூபாய் விழுந்த பிறகு கமரா விலை என்ன நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குழுவில் சேர்வதற்காக யாரும் கடன்பட்டுக் கமரா வாங்க வேண்டாம். ஆனால் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிப் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். அப்படி அனுப்பும்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும், ஆகவே வீட்டில் எடுப்பவற்றுக்கு கமரா செயலியில் லொக்கேஷனை நிறுத்தி வையுங்கள்.

எங்கே கூடுவது? ஆறு பேருக்கு மண்டபம் எதற்கு? காலி வீதியில் பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டமில்லாத சைவக் கடை ஒன்று போதும். பிளேன் டீயும் வடையும் வாங்கி, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். எண்ணெய்க் கையோடு பிரிண்டைத் தொடாதபடி சாப்பாட்டை முதலில் முடித்துவிடுவது நல்லது. யாராவது ஒருவர் வீடு என்றால் இன்னும் நல்லம். இலங்கையின் நவீன ஓவியத்தைத் திருப்பிப்போட்ட 43 குழுவே 1943 ஓகஸ்டில் ஒரு வீட்டில்தான் கூடித் தொடங்கியது. அந்த வீட்டுக்காரர் லயனல் வென்ட், சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், நம் நாட்டின் ஒப்பற்ற புகைப்படக் கலைஞர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்ற ஓவியர்கள் அங்கே வந்தார்கள். அடுத்த வருடமே, 44 வயதில் வென்ட் காலமானார். அவர் பெயரில் கில்ஃபோர்ட் கிரசன்டில் இருக்கும் கலை நிலையத்தின் காட்சிக்கூடத்துக்குக் குழுவாக ஒரு நாள் போய் வாருங்கள். அடுத்தவர் படங்களைச் சுவரில் பார்ப்பதும் குழுவின் வேலைதான். ஆட்கள் இருபதைத் தாண்டினால் வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மண்டபம் கேட்டுப் பார்க்கலாம்.

பதிவு, சந்தா இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். அவரவர் தேநீர், அவரவர் பிரிண்ட். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கப் போகும்போதுதான் யாப்பு (குழுவின் விதிகள்), கூட்டக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். அந்த நாள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பொலிஸ் விஷயத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் நாலைந்து பேர் போனும் கமராவுமாகப் படம் எடுப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் கோட்டைப் பகுதியில் ஜனாதிபதி மாளிகைச் சுற்றாடல், துறைமுகம், படை முகாம்கள், சோதனைச் சாவடி இவற்றின் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள். யாராவது கேட்டால் எடுத்த படத்தைக் காட்டி, அமைதியாகப் பதில் சொல்லுங்கள். சுதந்திர சதுக்கம் போன்ற இடங்களில் ட்ரைபொட், ரிஃப்ளெக்டர் எல்லாம் விரித்தால் கலியாணப் படப்பிடிப்பு என்று நினைத்துக் காவலாளி அனுமதி கேட்பார். கையில் பிடித்து எடுத்தால் அந்தக் கதை வராது. ட்ரோனுக்குத் தனிச் சட்டம், சிவில் விமான சேவை அதிகார சபையின் அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. விகாரைகளில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். கோயிலில் மூலஸ்தானம் வேண்டாம்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: தண்டவாளம். கடலோரப் பாதையில் பின்னேரம் படம் அழகாகத்தான் வரும். ஆனால் அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது, வியூஃபைண்டரில் கண் இருந்தால் பார்வையிலும் படாது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம். குழுவில் யார் என்ன காரணம் சொன்னாலும் தண்டவாளத்தில் எடுத்த படத்தை மேசையில் வைக்க இடம் கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் இது மட்டும்தான் சட்டம் என்று சொல்லக்கூடிய ஒன்று.

வீட்டாருக்குச் சொல்ல: வெளியே போகும்போது இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நடங்கள். ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு போனால் நடைபாதையும் அடைபடும், எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு இடத்தில் எல்லோரும் சேர்ந்து தலை எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் முதலில் மேசைக்கு அழையுங்கள். ஆள் எப்படி என்று ஒரு பின்னேரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது மாதம் புறக்கோட்டைக்குப் போங்கள். அதற்குப் போயா சரிவராது, ஞாயிறும் அவ்வளவு சரியில்லை, பெரும்பாலான கடைகள் பூட்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனால் மூட்டை இறக்கும் நேரம், தெருவே உயிரோடு இருக்கும். மனிங் மரக்கறிச் சந்தையை எடுக்கப் போகிறோம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அது 2020இலேயே பேலியகொடைக்குப் போய்விட்டது. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் இருக்கிறது. சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு எல்லோரும் அதன் முகப்பை அண்ணாந்து எடுத்த படம் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன்: முகப்பு முழுசாகத் தெரியாமல், ஆனால் பார்த்தவுடன் சிவப்புப் பள்ளிவாசல் என்று விளங்கும்படி ஆளுக்கொரு படம். எங்கள் குழுவில் ஒருவர் எதிர்க் கடைக் கண்ணாடியில் எடுத்தார், இன்னொருவர் மழைக்குப் பிறகு தெருவில் தேங்கிய தண்ணீரில்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டு எடுங்கள். “ஒரு படம் எடுக்கட்டா அண்ணை?” என்று தமிழில், “போட்டோ எகக் கன்னத?” என்று சிங்களத்தில். வேண்டாம் என்று தலையாட்டினால் சிரித்துவிட்டு நகர வேண்டும். எடுத்தால் அடுத்த மாதம் பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் சொன்ன அந்தக் கைவண்டிக்காரரிடம் நாங்கள் படத்தைக் கொடுத்தபோது, அவர் முதலில் இரண்டு கையையும் சாரத்தில் துடைத்தார். பிறகு ஓரத்தில் பிடித்து வாங்கி, நிறைய நேரம் பார்த்தார். “வேலை செய்யேக்க எடுத்த படம் என்னட்ட ஒண்டும் இல்லை” என்றார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எங்களை யாரும் “என்னத்துக்கு எடுக்கிறீங்கள்?” என்று கேட்டதில்லை.

ஆடிவேல் தேர்த் திருவிழா வரும்போது இன்னொரு வேலை செய்யலாம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேர் வரும் வழியில் ஆறு பேரும் ஆறு இடத்தில் நின்று எடுத்து, மேசையில் வரிசையாக அடுக்குங்கள். ஒரு ஆளால் எடுக்கவே முடியாத கதை அது.

கமரா வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. காலிமுகத்திடலில் உப்புக் காற்று, நகரத்தில் ஈரக் காற்று. வீட்டுக்கு வந்ததும் மென்மையான ஈரத் துணியால் கமரா உடலைத் துடைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் பையில் வைத்து அலுமாரியில் மறந்துவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். சிலிக்கா ஜெல்லை ஆறு பேரும் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம்.

முதல் மேசை முடிந்ததும் அதில் எல்லோருக்கும் பிடித்த ஒரு படத்தை எனக்கும் அனுப்பி வையுங்கள். டாக்குமென்டாக.