பாட்டில் பால் புரையேறுகிறதா? ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள்

கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு இரண்டரை மாதம். 35 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். தாய்ப்பால் போதாததால் டாக்டர் சொல்லி, பாட்டிலில் பவுடர் பாலும் கொடுக்கிறோம். குடிக்கும்போதெல்லாம் இருமல், புரையேறுகிறது. சில நேரம் மூக்கு வழியாகப் பால் வருகிறது. 60 மில்லி இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. பிள்ளை உறிஞ்சச் சிரமப்படுகிறாள், ஊசியைச் சுட்டு நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கு என்கிறார் மாமியார். செய்யலாமா?"

வேண்டாம். மெதுவாகக் குடிக்கிற பிள்ளைக்கு வழியைப் பெரிதாக்கினால் சுலபமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இருமுகிற, புரையேறுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் பால் வேகமாக வருவதுதான் சிக்கல்.

தொண்டையில் மூச்சும் பாலும் ஒரே இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டு, மறுபடி உறிஞ்சுவது என்ற இந்த ஒழுங்கு கர்ப்பத்தின் 34-வது வாரம் வாக்கில்தான் கூடிவரத் தொடங்கும். உங்கள் மகள் அதற்குச் சற்றுப் பிறகு பிறந்தவள். பிறந்து இரண்டரை மாதம் ஆனாலும், நாள் கணக்குப்படி பிறந்திருந்தால் இப்போது ஒன்றரை மாதக் குழந்தைதான். தாய் மார்பில் குழந்தை நிறுத்தினால் பாலும் பெரும்பாலும் தணியும். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் குழந்தை நிறுத்தினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சுவிட இடைவெளி கிடைக்காதபோது இருமுவாள். இல்லையென்றால் தற்காப்பாக உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு நிப்பிளைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். அதை நாம் சோம்பல் என்கிறோம். உங்கள் முக்கால் மணி நேரத்தில் பாதி இப்படிப் போயிருக்கலாம்.

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கம்பியாக ஒழுகினால் அந்த நிப்பிளை மாற்றுங்கள். பிறந்த குழந்தைக்கானது என்று விற்கிற, மெதுவாக வரும் நிப்பிளாகக் கேட்டு வாங்குங்கள். குடிக்கும்போது நிப்பிள் உள்ளே சப்பிப்போனால் மட்டும் மூடியின் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள், காற்று போகட்டும்.

அப்புறம், பிடிக்கும் விதம். மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். தலை இடுப்பைவிட உயர்ந்து, ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும். தாடை நெஞ்சில் அமுங்கவும் கூடாது, தலை பின்னால் சாயவும் கூடாது. பாட்டிலைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். நிப்பிளின் முனையில் பால் நிற்கிற அளவு சாய்வு போதும். நான்கைந்து முறை உறிஞ்சியதும், நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலே பாட்டிலின் அடியைக் கீழே இறக்குங்கள். பால் பின்வாங்கும், அவள் இரண்டு மூன்று மூச்சு விடுவாள். மறுபடி உறிஞ்சத் தொடங்கினால் உயர்த்துங்கள். குறைமாதப் பிள்ளைகளில் சிலருக்கு, மடியில் தலை உயர்ந்திருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொடுப்பது இன்னும் ஒத்துவரும்.

கண் பாட்டிலின் கோட்டில் இருக்க வேண்டாம், பிள்ளை முகத்தில் இருக்கட்டும். புருவம் மேலே போவது, விரல்கள் விரிந்து விறைப்பது, கடைவாயில் பால் வழிவது, தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்பது எல்லாமே 'கொஞ்சம் நிறுத்து' என்று அவள் சொல்வதுதான். மலைக் குளிருக்குக் குல்லாவும் சால்வையும் சுற்றிப் பொட்டலமாக வைத்துப் பால் கொடுப்பதால் இதெல்லாம் தெரியாமல் போகிறது. பால் கொடுக்கும் நேரத்துக்காவது முகத்தையும் ஒரு கையையும் திறந்து வையுங்கள். அரை மணி நேரம் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் குடிக்கிற பாலின் சத்தைக் குடிக்கிற உழைப்பே தின்றுவிடும். அடுத்த வேளையைச் சற்று முன்னதாகக் கொடுக்கலாம்.

சளிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சுவிடும். மூக்கு அடைத்திருந்தால் பால் குடிப்பதா மூச்சுவிடுவதா என்று திணறிப்போகும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் ஒன்றிரண்டு சொட்டு விடலாம். எண்ணெய் விடவே கூடாது. குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிவிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவை உண்டாக்கலாம். மூடிய அறையில் கரிக்கங்கு வைத்துக் குளிர்காய்வதும் வேண்டாம்.

பால் கெட்டியாக இருந்தால் புரையேறாது என்று அரிசி மாவோ கேழ்வரகுக் கூழோ கலக்காதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேலே ஒரு கரண்டி பவுடர்கூடக் கூடாது. உயரமான ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் ஏறக்குறைய 92, 93 டிகிரி. அதனால் கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். நம் குளிரில் கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாடையில் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கழுவச் சுலபம் என்பதால் பாட்டிலைவிட அதையே நான் விரும்புவேன். ஆனால் வாய்க்குள் ஊற்றுவது ஆபத்து. நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்தால் அவளே நக்கிக் குடிக்க வேண்டும். செவிலியரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

இதையெல்லாம் செய்தும் சில நாளில் மாறவில்லையென்றால், பாட்டிலுக்கு அப்பால் காரணம் தேட வேண்டும். கக்கும்போது எப்போதாவது மூக்கில் பால் வருவது சாதாரணம். குடிக்கும்போதே அடிக்கடி வந்தால் அண்ணத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அண்ணத்தின் மேல்தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவு பிறந்தபோது தப்பிப்போயிருக்கலாம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வந்தால் குரல்வளை தளர்வாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் தானே சரியாகும், ஆனாலும் காட்ட வேண்டும். குடிக்கும்போது நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திக் குடித்தால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். இருமலே இல்லாமல் பால் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல், குடித்தபின் குரல் ஈரமாகக் கேட்பது அதன் அடையாளங்கள். பேரியம் கலந்த பாலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனைக்குக் கோவைக்கு இறங்க வேண்டி வரலாம்.

உதடு நீலமாவது, மூச்சு நிற்பது, துவண்டுபோவது, அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, பாலே குடிக்காமல் போவது என்று எது நடந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். புரையேறி இருமிக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்தால் ஒருக்களித்துப் பிடித்து இரும விடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதாலும் ஊதுவதாலும் பயனில்லை. சத்தமே வரவில்லையென்றால் முன்கையில் குப்புற, தலை தாழ்ந்திருக்கப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்தம். மூச்சு திரும்பும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். துவண்டுவிட்டால் 108-இல் பேசுபவர் சொல்கிறபடி உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்குங்கள்.

இப்போதைக்கு வாரம் ஒருமுறை அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ எடை போடுங்கள். வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் கூடி, நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பதற்றப்பட வேண்டாம். ஆனாலும் குறைமாதப் பிள்ளை, ஒவ்வொரு வேளையும் இருமுகிறாள் என்பதால் இந்த வாரத்துக்குள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். அவள் குடிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டிலையும் அந்த நிப்பிளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து வளைவில் திரும்பும்போது பால் கொடுக்க வேண்டாம். அந்த வேளைப் பாலை டாக்டர் முன்னாலேயே கொடுத்துக் காட்டுங்கள்.