அரசுப் பள்ளி ஆசிரியர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க வேலையை எப்போது, எப்படி விட வேண்டும்?

காட்பாடி பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் 26 வருட சர்வீஸ், வயது 51, அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விருப்ப ஓய்வு கேளுங்கள். அதையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ராஜினாமா செய்தால் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி முந்தைய பணிக்காலம் முழுவதும் கணக்கில் இல்லாமல் போகும். 26 வருட உழைப்பின் பென்ஷனை அப்படி இழக்கக் கூடாது. 50 வயது நிறைந்தவர் அல்லது 20 வருடத் தகுதிப் பணி முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து ஓய்வு பெறலாம். பென்ஷன் வாங்குவது போட்டியிடத் தடையல்ல. ஆனால் 17(பி) மெமோ (பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு) ஏதாவது நிலுவையில் இருந்தால் விருப்ப ஓய்வு கிடைக்காது. முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் நீங்கள் அரசு ஊழியர்தான். கட்சி மேடை, போஸ்டரில் பெயர் எதுவும் கூடாது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து மனுத்தாக்கலுக்கு ஏழு நாள்தான், மறுநாள் பரிசீலனை. அன்றைக்கு நீங்கள் அரசில் ஆதாயப் பதவியில், அதாவது சம்பளம் தரும் அரசு வேலையில், இருக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 191ஆவது பிரிவு. கடிதம் கொடுத்ததற்கான ரசீது போதாது, விடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும். தேர்தல் அதிகாரி இதைக் கவனிக்காமல் மனுவை ஏற்று, நீங்கள் வென்றே விட்டாலும், முடிவு வந்த 45 நாளுக்குள் எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டு வெற்றியைச் செல்லாததாக்க முடியும்.

முன்பு சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர் தொகுதிக்கு இருந்தது. 1986 நவம்பர் 1இல் மேலவையே போய்விட்டது. இனி பேரவை ஒன்றுதான் வழி.

மனுவுக்கு வருவோம். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. வேலூர் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் கீழ்வைத்தியனான்குப்பமும் குடியாத்தமும் தனித் தொகுதிகள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். எல்லாரும் அந்தத் தொகுதி வாக்காளராகவே இருக்க வேண்டும். உங்கள் ஓட்டு குடியாத்தத்தில் இருந்து காட்பாடியில் நிற்கிறீர்கள் என்றால், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருள்ள பகுதியின் சான்றிட்ட நகல் தேவை. மனு கொடுப்பதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிட வேண்டும். சொத்து, கடன், வழக்கு, படிப்பு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், ஒன்றுமில்லாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். நினைவூட்டிய பிறகும் காலியாக இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பு, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழி எடுப்பதையும் மறக்காதீர்கள். அதை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் மனு நிற்காது.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் நிலைமை சிக்கல். நியமிப்பதும் நீக்குவதும் நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. அங்கேயும் விலகிவிட்டு நிற்பதே பாதுகாப்பு. தனியார் சுயநிதிப் பள்ளி ஆசிரியருக்கு இந்தத் தடை இல்லை, நிர்வாகத்தின் அனுமதி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.