விளையாட்டு வீரர்களும் போர்வீரர்களும் பொறித்த பண்டைய கிரேக்க வெள்ளிக் காசுகளைச் சேர்க்க, எதிலிருந்து தொடங்கலாம்?

ஆஸ்பெண்டோஸ் நகரத்துக் காசிலிருந்து. இன்றைய துருக்கியின் தென்கரைக்கு அருகே இருந்த ஊர் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே அடித்த ஸ்டேட்டர் என்ற வெள்ளிக் காசின் ஒரு பக்கம் மல்லர் இருவர் கை கோத்து மல்லுக்கு நிற்பார்கள். மறுபக்கம் கவண் வீசும் வீரன். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே காசில்.

'சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகரத்துப் பத்து திராக்மா காசை விட்டுவிட்டாயே' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நாற்குதிரைத் தேர், அதன் கீழே போர்க்கவசங்கள், 'பரிசுகள்' என்ற கிரேக்கச் சொல், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர் என்று நினைக்கிறேன். அதற்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். ஜெர்மனியில் வேலை பார்த்தபோது ஒரு நாணயச் சந்தையில் என் முதல் ஆஸ்பெண்டோஸை வாங்கினேன். பாதி விலைக்குக் கேட்டேன். கடைக்காரர் உடனே கொடுத்துவிட்டார். அங்கேயே விழித்திருக்க வேண்டும். என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நிறுத்தால் 9.3 கிராம். நல்ல காசு பத்தரைக்கு மேல் நிற்கும். தேய்மானம் என்று மனத்தைத் தேற்றினேன்.

மறு ஆண்டு வேறொரு மேசையில் அதே காசு! கவண் வீரனின் முழங்காலருகே விளிம்பில் இருந்த வெடிப்புகூட அதே இடத்தில். ஒரே அச்சில் அடித்தால் உருவம் ஒன்றாக இருக்கலாம். வெடிப்பு எப்படி ஒன்றாகும்? அது சுத்தியல் அடியில் காசுக்குக் காசு மாறுமே. இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்த போலிகள். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தால், விளிம்பைச் சுற்றி, வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் ஒட்டுக்கோட்டை அரத்தால் ராவிய தடம். ரசீது? வாங்கவே இல்லை.

ஆகவே தராசும் உருப்பெருக்கியும் முதலில், காசு பிறகு. பழைய ஏலப் பட்டியலில் படம் வந்த காசாகத் தேடுங்கள். இது கஞ்சத்தனம் அல்ல, சூடுபட்ட அனுபவம்.

இப்போது என்னிடம் இருப்பது 10.7 கிராம். தேய்ந்த அச்சில் அடித்ததால் மல்லர்களில் ஒருவருக்கு முகமே இல்லை. என் மைத்துனர் அதைப் பார்த்து, "இந்தப் பணத்துக்கு நகை எடுத்திருக்கலாமே, மாப்பிள்ளை" என்றார். எட்டு ஆண்டுகளுக்கு முன் கைமாற்றாக வாங்கியதை இன்னும் திருப்பித் தராத மனிதர் சொல்கிற புத்திமதி! அதற்கும் நான் எழுதி வாங்கவில்லை.