முகப்புத் திரையை அமைதியாக்கப் புதுச் செயலி எதற்கு?

கேள்வி: மணி பார்க்கத்தான் போனை எடுக்கிறேன். திரை முழுக்க ஐகான்கள், அவற்றின் மேல் சிவப்புப் புள்ளிகள். எதையோ தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கீழே வைக்கிறேன். அப்போதும் மணி என்ன என்று தெரிந்திருக்காது. ஒரு 'மினிமல் லாஞ்சர்' போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் லிங்க் அனுப்பியிருக்கிறார். நிறுவும்போது என்னென்னவோ அனுமதி கேட்கிறது. போடலாமா? ஐகான்களை நானே நீக்கலாம் என்றால், வங்கிச் செயலியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. போனை அமைதியாக வைக்கப் போய் அவர் அழைப்பு தவறிவிடக் கூடாது. என்னுடையது ஆண்ட்ராய்டு போன்.

பதில்: அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முகப்புத் திரையைக் காட்டுகிற செயலிக்குத்தான் லாஞ்சர் என்று பெயர். உங்கள் போனில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, உங்கள் தேவைக்கு அதுவே போதும். பிளே ஸ்டோரில் நல்ல லாஞ்சர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் யாரோ யாருக்கோ அனுப்பி, கைமாறி வருகிற லிங்க்கில் இருப்பது பெரும்பாலும் ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பு. யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பிய நண்பருக்கும் தெரியாது.

அது கேட்கும் அனுமதிகளில் 'அக்சஸிபிலிட்டி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கண் பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லவும், கைகளை இயக்க முடியாதவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் ஏற்பட்ட அருமையான வசதி அது. அதே அனுமதி தவறான செயலிக்குப் போனால், நீங்கள் பார்ப்பதையெல்லாம் அதுவும் படிக்கும், நீங்கள் தொடாத பொத்தானை அது தொடும். வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீய செயலிகள் பலவும் இந்த வழியாகத்தான் நுழைகின்றன. அதனால்தான் 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு இந்த அனுமதியைக் கொடுக்கப் போனால் போன் தடுக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று படம் போட்டு விளக்குகிற செயலி எதுவானாலும் உடனே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 'நோட்டிஃபிகேஷன் அக்சஸ்' கேட்பதும் லேசான விஷயமல்ல. உங்களுக்கு வரும் நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி அது. வந்த ஓடிபியும் அங்கே தெரியலாம். மனதை ஒருமுகப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு மணிக்கொரு விளம்பரம் காட்டும் இலவசச் செயலிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கவனத்தைச் சிதறடிப்பதற்கு இன்னொரு செயலியா?

சரி, இனி உங்கள் போனுக்கு வருவோம். மணி பார்க்கப் பூட்டைத் திறக்கவே வேண்டாம். பூட்டிய திரையிலேயே மணி தெரிகிறது. அதன் கீழே வரிசை கட்டி நிற்கும் நோட்டிஃபிகேஷன்கள்தான் உங்களை உள்ளே இழுக்கின்றன. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் எதுவும் காட்ட வேண்டாம் என்று வையுங்கள். சில போன்களில் பூட்டிய திரையிலேயே தினம் ஒரு படமும் அதோடு செய்தியும் விளம்பரமும் வரும். வால்பேப்பர் சேவை என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவரின் வாசலிலேயே கடை விரிப்பது போன்ற வேலை அது. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் பயம். ஐகானை அழுத்திப் பிடித்தால் 'ரிமூவ்', 'அன்இன்ஸ்டால்' என்று இரண்டு சொற்கள் வரும். ரிமூவ் என்றால் முகப்பில் இருக்கும் குறுக்குவழி மட்டும் போகும். செயலி, கணக்கு, உள்ளே இருக்கும் தகவல் எல்லாம் அப்படியே இருக்கும். திரையைக் கீழிருந்து மேலே தள்ளினால் எல்லாச் செயலிகளின் பட்டியலும் வரும். ஆப் டிராயர் என்பது அதுதான். அங்கே அதே ஐகானைப் பார்க்கலாம். 'அன்இன்ஸ்டால்' என்ற சொல் மட்டும்தான் வருகிறதென்றால் நிறுத்திவிடுங்கள். சில கம்பெனிகள் டிராயரே இல்லாமல் எல்லாவற்றையும் முகப்பில் கொட்டியிருப்பார்கள். திரையின் காலி இடத்தை அழுத்திப் பிடித்து, ஹோம் செட்டிங்ஸில் ஆப் டிராயர் இருக்கும் அமைப்புக்கு மாற்றிய பிறகு நீக்குங்கள். அதே இடத்தில், புதிதாக நிறுவும் செயலியைத் தானாக முகப்பில் சேர்க்கும் பொத்தானும் இருக்கும். அதை அணைக்காவிட்டால் போன குப்பை திரும்பி வரும். முகப்புக்கு இடப்பக்கத்தில் இருக்கும் செய்திப் பக்கத்தையும் அங்கேயே நிறுத்தலாம்.

எதை வைத்துக்கொள்வது? வேலை முடிந்தால் தானே முடிந்துபோகிற செயலிகளை மட்டும். போன் அழைப்பு, கேமரா, வரைபடம், காலண்டர், அலாரம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் எதற்கும் முகப்பில் இடம் கிடையாது. அவற்றை அழிக்க வேண்டாம். வேண்டும்போது டிராயரில் பெயரைத் தட்டித் தேடுங்கள். இரண்டு எழுத்து தட்டுவதற்குள், எதற்காகத் திறக்கிறோம் என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கிறது. முகப்பு ஐகான் அந்த நொடியைத் தருவதில்லை. பார்வை பட்டதும் விரல் போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஃபோல்டரில் அடைத்து வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஃபோல்டருக்குள் இருக்கும் செயலியின் சிவப்புப் புள்ளி ஃபோல்டர் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் ஐகான் மேல் வரும் புள்ளியை, சில போன்களில் 'பேட்ஜ்' என்று போட்டிருக்கும், மொத்தமாக அணையுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது சிலருக்கு உதவும். ஆனால் அதற்கு முன் ஐகான்களையும் புள்ளிகளையும் ஒழித்துக்கட்டுங்கள்.

விளம்பர நோட்டிஃபிகேஷனை மட்டும் நிறுத்த முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோதே, ஒரு செயலியின் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்துத் தனித்தனியாக அணைக்க வழி செய்துவிட்டார்கள். ஆனால் பார்சல் வரும் செய்தியையும் தள்ளுபடி அறிவிப்பையும் ஒரே வகைக்குள் வேண்டுமென்றே அடைத்து வைக்கும் செயலிகள் இன்றும் இருக்கின்றன. ஒன்றை நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடும். இத்தனை வருடமாகியும் இதைக் கண்டிப்பாரில்லை. அப்படிப்பட்ட செயலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, பார்சல் எங்கே என்று வேண்டும்போது நீங்களே திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்களிடம் கேட்டாக வேண்டும். கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். தேவையென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெரிய அப்டேட் வந்தால் நீங்கள் அணைத்த சில விஷயங்கள் திரும்ப முளைக்கலாம். அன்று ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இனி அப்பாவின் அழைப்பு. இதில் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். 'சைலன்ட்' வேறு, 'டூ நாட் டிஸ்டர்ப்' வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் ஏமாறுகிறார்கள். டூ நாட் டிஸ்டர்ப் போட்டால், நீங்கள் குறிப்பிட்டவர்களின் அழைப்பை மட்டும் போன் உள்ளே விடும். ஆனால் போன் சைலன்டிலோ வைப்ரேஷனிலோ இருந்தால், உள்ளே விட்ட அழைப்புக்கும் சத்தம் வராது. எனவே ரிங் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு டூ நாட் டிஸ்டர்பைப் போடுங்கள்.

தொடர்புகளில் அப்பாவின் பெயருக்கு நட்சத்திரக் குறி வையுங்கள். அவரோடு இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவர் ஆகியோருக்கும் வையுங்கள். டூ நாட் டிஸ்டர்ப் செட்டிங்ஸில் அழைப்புகள் என்ற இடத்தில் நட்சத்திரக் குறியிட்டவர்களை அனுமதியுங்கள். அதன் கூடவே 'ரிபீட் காலர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதையும் போடுங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால், அது தெரியாத எண்ணாக இருந்தாலும் போன் அடிக்கும். அப்பா யாருடைய போனையாவது வாங்கி அழைத்தாலோ மருத்துவமனையிலிருந்து யாராவது அழைத்தாலோ உங்களுக்குக் கைகொடுப்பது இதுதான். முதல் தடவை எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடியுங்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். வாட்ஸப் போன்ற செயலிகள் வழியாக வரும் அழைப்பை இந்த ஏற்பாடு உள்ளே விடும் என்று நம்பியிருக்க முடியாது. அவசரத்துக்குச் சாதாரண அழைப்புதான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இன்றைக்கே டூ நாட் டிஸ்டர்பைப் போட்டு, போனைப் பூட்டி மேசை மேல் வைத்துவிட்டு அப்பாவை அழைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போனில் பதிவாகாத எண்ணிலிருந்து யாரையாவது அடுத்தடுத்து இரண்டு முறை அழைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் அடித்த பிறகு ஐகான்களை நீக்கத் தொடங்கலாம்.